சுமார்

கரையின் அடிவாரத்தில், ஈரப்புல்லில்,
ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று
நானும் ஆர்லின் ஹூக்ஸ்ட்ராவும் எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.
கசிவு வந்து விழும் குழாய் என் மணிக்கட்டுப் பருமன்.
இருபத்தொன்பது நொடி.

மறுபடி வைப்போம், என்கிறார்.
மறுபடியும் இருபத்தொன்பது.

அவருடைய நோட்டில் நாற்பத்தொன்று.
இந்த ஏப்ரலில் நாற்பத்தொன்று, போன ஏப்ரலில் நாற்பத்தொன்று,
பனி ஒரே வாரத்தில் உருகி ஏரி தளும்பிய வருடத்திலும்
நாற்பத்தொன்று.
ஆறு வருடமாக ஒரே பென்சில், ஒரே அழுத்தம்.
தண்ணீருக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

1911இல் மாவு மில்லுக்காகக் கட்டியது.
மில் போய் நாற்காலித் தொழிற்சாலை வந்தது, அதுவும் போனது.
இப்போது ஹார்லன் மில்ஸில் இந்த அணை தேக்கி வைத்திருப்பது
வாடகைப் படகு பதினான்கு,
ஜூலையில் ஒருநாள் வாணவேடிக்கை,
கரையோர வீடுகளின் விலை.

கலிங்கின் முகத்தில் சிமென்ட் பொரிந்து கம்பி தெரிகிறது.
மதகுச் சக்கரம் கடைசியாக எந்த வருடம் சுழன்றது என்று
ஊர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.
பிர்ச் மரங்களை வெட்டிவிட்டார்கள், நல்லது.
வேரை விட்டுவிட்டார்கள்.
வேர் மக்கினால், அது இருந்த இடம் குழாய்.
கஸ்தூரி எலி ஒன்று
நீர்மட்டத்துக்குக் கீழே வாசல் வைத்து
மேட்டுக்குள் படுக்கையறை கட்டியிருக்கிறது,
இந்த ஊரில் வீட்டுவரி கட்டாத ஒரே குடி.

பழுதுபார்க்க இருபத்து மூன்று லட்சம் டாலர்.
மூன்று முறை வாக்கெடுப்பு. கடைசியாக 212க்கு 197,
அடுத்த வருடம் பார்க்கலாம் என்று.
எங்கள் பக்கம் குடிமராமத்து என்று ஒரு சொல் உண்டு,
வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு மண்வெட்டி என்று
ஆர்லினிடம் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
அந்தச் சொல் இருக்கும்போதே எத்தனை ஏரி தூர்ந்தது என்றும்
சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கசிவது குற்றமில்லை. மண்ணால் ஆன அணை கசியத்தான் செய்யும்.
தெளிவாகக் கசிந்தால் தூங்கலாம்.
கலங்கிக் கசிந்தால்
வெளியேறுவது தண்ணீர் மட்டுமல்ல, கரை.

ஜாடி ஒன்று கேட்டேன்.
மனைவி பீட்ரூட் ஊறுகாய் போட்டுக் கொடுத்ததை
டிரக்கிலிருந்து எடுத்துக் கழுவித் தந்தார்.
பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தோம். பளிங்கு.
பாத்தீங்களா, என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

இரவு, மோட்டல் ஜன்னல் விளிம்பில் அதை வைத்துவிட்டு
முதல் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.
நிலை: திருப்தி, சுமார், மோசம், ஆபத்து.
எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் சுமார்.
போன முறை நானும்.
கான்கிரீட் அல்ல, அந்த ஒரு சொல்தான்
இத்தனை நாள் ஏரியைத் தாங்கி நின்றிருக்கிறது.

காலையில் ஜாடியின் அடியில்
நகத்தின் தடிமனுக்குச் சாம்பல் நிறம்.
அசைத்தால் எழுந்தது. வைத்தால் உட்கார்ந்தது.

அணைக்குக் கீழே முதல் வீடு ஆர்லினுடையது.
நீலக் கராஜ், பிள்ளைகளின் சைக்கிள் இரண்டு.
வாசலிலேயே ஜாடியை நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
ஸ்டாப்வாட்ச் நின்றுபோய் ஆறு வருடம், என்றார்.
புதிது கேட்டு எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு டாலர்.
அடுத்த வருடம் என்றார்கள்.
அவர் சட்டைப்பையில் போன் இருந்தது.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஏரியை மூன்றடி இறக்க வேண்டும், என்றேன், இன்றைக்கே.
கிரீஸ் டப்பாவும் நான்கடி இரும்புக் குழாயும் எடுத்துவந்தார்.
சக்கரத்தில் குழாயைச் செருகி இருவரும் தொங்கினோம்.
ஒரு விரற்கடை நகர்ந்தது.
அந்தச் சத்தத்துக்கே படகுத்துறையில்
யாரோ கதவைத் திறந்து வெளியே வந்தார்கள்.

ஜாடியைத் திருப்பித் தர முடியுமா என்றார்.
சாட்சி, என்றேன்.

லான்சிங் வரை நூற்றுப் பத்து மைல்.
பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டு.
ஒவ்வொரு சிக்னலிலும்
அது தெளிய ஆரம்பிக்கும்.